காலணா டிராக்டரில் தொடங்குங்கள்: பண்ணை மெஷின் ஸ்டாம்ப் சேர்க்கும் வழி

ஸ்டாம்ப் சேர்க்கிறேன் என்று எங்கள் ஊரில் சொன்னால் முதலில் வரும் கேள்வி "என்ன விலைக்குப் போகும்?" என்பதுதான். டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டு லட்சக்கணக்கில் போகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் பார்த்துவிட்டு, பீரோவைக் குடைந்து நாலு நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தவர்களே மூன்று பேர் இருக்கிறார்கள். அப்படி வாங்குவதாகச் சொல்லி முன்பணம் கறக்கும் கும்பல்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021இல் எச்சரிக்கையே விட்டது. ஆகவே ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வேலையில் பணம் வராது. பெரும்பாலான பண்ணை மெஷின் ஸ்டாம்புகள் ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குக் கிடைக்கும், விற்கப் போனால் டீ மட்டும் குடிக்கலாம்.

சரி, பணம் இல்லையென்றால் எதற்கு? நெல் விளைகிற மண்ணில் பிறந்தவனுக்கு, உலகத்தில் மற்றவர்கள் எப்படி உழுதார்கள், எதை வைத்து அறுத்தார்கள், அதில் எதைப் பெருமை என்று நினைத்து ஸ்டாம்பில் அச்சடித்தார்கள் என்று பார்ப்பதில் தனி ருசி இருக்கிறது. அந்த ருசி வர வேண்டுமானால் அடுக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். நான் முதல் மூன்று வருடம் நாடு வாரியாக அடுக்கினேன். கனடா ஒரு பக்கம், போலந்து ஒரு பக்கம், இந்தியா இரண்டு பக்கம். பார்த்தவர்கள் மரியாதைக்கு நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடினார்கள், எனக்கே அலுத்துவிட்டது. பிறகு ஒரு கோடையில் எல்லாவற்றையும் பிரித்து, வயலில் வேலை நடக்கிற வரிசையில் அடுக்கினேன்: உழவு, தண்ணீர், நடவும் களையும், அறுப்பும் அடிப்பும், கடைசியில் அரிசி ஆலை. அன்றைக்குத்தான் ஆல்பத்துக்கு உயிர் வந்தது. குறுவையோ சம்பாவோ எதுவானாலும் நமக்கு மனப்பாடமான வரிசை இது, அதனால் எந்த நாட்டு ஸ்டாம்பும் தானாகத் தன் இடத்தில் போய் உட்காரும். எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதும் பளிச்சென்று தெரியும். நீங்கள் தொடங்கும்போதே இப்படித் தொடங்குங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்காகவோ ஒரு மனிதருக்காகவோ ஒரே தடவை அச்சடித்து, தீர்ந்தால் தீர்ந்தது என்று விட்டுவிடுவது நினைவு ஸ்டாம்ப். அன்றாடத் தபாலுக்காகத் திரும்பத் திரும்ப அச்சடிப்பது பொது வழக்கு ஸ்டாம்ப். நினைவு ஸ்டாம்ப் மட்டும்தான் சேர்ப்பேன் என்று அடம்பிடித்தால் இந்தியப் பக்கத்தில் பண்ணை மெஷினைத் தேடிக் கண் வலிக்கும். நம் அரசு பண்ணை மெஷினைப் பொது வழக்கு ஸ்டாம்பில்தான் முதலில் ஏற்றியது. 1955 ஜனவரி 26இல் வந்த ஐந்தாண்டுத் திட்ட வரிசையைத் தேடிப் பிடியுங்கள். அதில் மிகக் குறைந்த மதிப்பு 3 பை, அதாவது காலணா. அதில்தான் டிராக்டர். 9 பை, முக்காலணாவில் மாடு கட்டி நீர் இறைக்கும் கிணறு. நாலணாவில் காளைகள். ஓரணாவில் தாமோதர் பள்ளத்தாக்கு அணை, 5 ரூபாயில் சிந்திரி உரத் தொழிற்சாலை. உழவு, நீர், உரம் என்று பாதி விவசாயம் இந்த ஒரே வரிசையில் வந்துவிடுகிறது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. 12 பை ஓர் அணா. கணக்குப் போட்டால் நாலணா காளைக்குப் பதினாறு காலணா டிராக்டர். அன்றைய நிலவரத்துக்கு அது நியாயமான விலைதான் என்பார் எங்கள் பெரியப்பா, டிராக்டர் இருந்த வீட்டை ஊரில் ஒரு விரலில் எண்ணலாம், காளை இல்லாத வீடு ஏது? 1957இல் நயா பைசா வந்ததும் அணா, பை மதிப்பு போட்ட ஸ்டாம்புகளின் காலம் முடிந்தது. இருந்தாலும் காலணா டிராக்டர் அரிய பொருள் ஒன்றும் அல்ல. தபாலில் போய் முத்திரை விழுந்தது சல்லிசாகவே கிடைக்கும், வியாபாரியிடம் கேட்கும்போது "அம்பத்தஞ்சு டிராக்டர்" என்றால் புரிந்துகொள்வார்.

இந்திய நினைவு ஸ்டாம்புகளுக்கு வருவோம். டெல்லியில் 1959 டிசம்பரில் உலக விவசாயக் கண்காட்சி நடந்தது, அமெரிக்க அதிபர் ஐசனோவரே வந்து தொடக்க விழாவில் நின்றார். அதற்கு நாம் போட்ட 15 நயா பைசா ஸ்டாம்பில் என்ன இருக்கிறது? மாடு பூட்டி உழுகிற ஒரு விவசாயி. இதை ஆல்பத்தில் காலணா டிராக்டருக்கு எதிரே வையுங்கள், நான்கு வருடத்தில் டிராக்டரிலிருந்து ஏருக்கு வந்துவிட்டோமே என்று பார்க்கிறவர் கேட்பார், அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டும். 1963 மார்ச் 21இல் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு நடத்திய பசி ஒழிப்பு இயக்கத்துக்காகப் பல நாடுகள் ஸ்டாம்ப் வெளியிட்டன. அந்த ஒரு தலைப்பை மட்டும் தேடினாலே ஒரு பக்கம் நிறையும், ஆனால் இந்திய ஸ்டாம்பில் மெஷின் கிடையாது, நீண்ட கைகளும் சின்னமும்தான். 1968 ஜூலையில் கோதுமைப் புரட்சிக்கு 20 பைசா ஸ்டாம்ப் வந்தது. அதிலும் மெஷின் இல்லை, இருந்தாலும் நான் வைத்திருக்கிறேன். காரணம் சுயநலம்தான், அந்தப் புரட்சியின் முன்வரிசையில் நின்ற எம்.எஸ்.சுவாமிநாதன் நம் கும்பகோணத்துப் பிள்ளை. 2025 ஆகஸ்ட் 7இல் அவர் நூற்றாண்டுக்கு டெல்லியில் ஸ்டாம்பும் நாணயமும் வெளியிட்டார்கள், இரண்டு ஸ்டாம்பையும் அடுத்தடுத்து வைத்தால் ஐம்பத்தேழு வருடம் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். கோதுமைக்கு ஸ்டாம்ப் கிடைத்த அதே காலத்தில் தஞ்சாவூர் மாவட்டக் குறுவையைத் தூக்கி நிறுத்திய ஆடுதுறை 27 நெல் ரகத்துக்கு ஏன் ஒன்று போடவில்லை என்று எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான், அது கிடக்கட்டும்.

முகம் மட்டும் இருக்கும் ஸ்டாம்பைச் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேர்க்கலாம், ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு மெஷின் இருக்க வேண்டும், அதை நீங்கள் எழுதிக் காட்டவும் வேண்டும். நம் ஊரில் ஆயில் இன்ஜின் என்றாலே கிர்லோஸ்கர் என்று சொன்ன காலம் ஒன்று இருந்ததே, அந்த நிறுவனத்தைத் தொடங்கிய லட்சுமணராவ் கிர்லோஸ்கருக்கு 1989இல் ஸ்டாம்ப் வந்தது. அவர் ஆரம்ப காலத்தில் வார்த்து விற்றது இரும்புக் கலப்பை. ஆகவே அவருக்கு உழவுப் பக்கத்தில் இடம் உண்டு, தண்ணீர்ப் பக்கத்திலும் உண்டு, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதேபோல் அமெரிக்கா 1940இல் கண்டுபிடிப்பாளர்களுக்கு ஒரு வரிசை போட்டது. அதில் 3 சென்ட் ஸ்டாம்பில் சைரஸ் மெக்கார்மிக். குதிரை இழுக்கும் கதிர் அறுப்பு மெஷினை 1831இல் வயலில் ஓட்டிக் காட்டி 1834இல் காப்புரிமை வாங்கியவர். அதே வரிசையில் 1 சென்ட் ஸ்டாம்பில் இருப்பவர் எலி விட்னி, பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் மெஷின்காரர். நெல்லை மட்டும் பேசுகிற என் ஆல்பத்தில் அவரை விட்டுவிட்டேன், உங்கள் பக்கம் பருத்தி போடுகிறவர்கள் இருந்தால் நீங்கள் விடாதீர்கள்.

வெளிநாட்டில் முதலில் எதை வாங்குவது என்று கேட்டால் யோசிக்காமல் கனடா என்பேன். மூன்று ஸ்டாம்ப், மூன்றுமே 20 சென்ட். 1929இல் வந்ததில் கோதுமையைக் குதிரை பூட்டி அறுக்கிறார்கள். அடுத்த வருடமே, 1930இல், அதே 20 சென்ட்டில் டிராக்டர் வந்துவிட்டது. 1946இல் வந்ததில் கம்பைன், அறுப்பும் அடிப்பும் ஒரே வண்டியில். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் இடமிருந்து வலமாக வைத்துவிட்டால் வேறு விளக்கமே தேவையில்லை, பதினேழு வருடத்தில் ஒரு நாட்டின் அறுவடை எப்படி மாறியது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்றில் 1929 ஸ்டாம்ப்தான் கொஞ்சம் விலை பிடிக்கும், முத்திரை விழுந்ததாகப் பார்த்து வாங்குங்கள். 1995இல் கனடா பண்ணை வண்டிகளையும் பனியில் ஓடும் வண்டிகளையும் சேர்த்துச் சில நினைவு ஸ்டாம்புகள் போட்டது. அதில் 1942ஆம் வருட மாஸ்ஸி ஹாரிஸ் தானியங்கிக் கம்பைனும், 1950ஆம் வருட காக்ஷட் டிராக்டரும் உண்டு. இவை புதியவை, மலிவு.

அமெரிக்காவின் 1898 வரிசையில் மேற்குப் பகுதி விவசாயம் என்று 2 சென்ட் ஸ்டாம்ப் ஒன்று உண்டு. வடக்கு டக்கோட்டாவில் ஒரு பெரிய பண்ணையில் குதிரைகளைப் பூட்டி வரிசையாக உழுகிற காட்சி, உண்மையான புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கியது. எங்கள் ஊரில் பத்து ஏர் வரிசை கட்டி உழுததைக் கண்ணால் பார்த்த பெரியவர்களிடம் இதைக் காட்டிப் பாருங்கள், முன் ஏர் எது, பின் ஏர் எது என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

கிழக்கு ஐரோப்பாவும் பழைய சோவியத் நாடும் டிராக்டர் ஸ்டாம்பின் சுரங்கம். கூட்டுப் பண்ணை, பெண் டிராக்டர் டிரைவர், கதிர்க்கட்டு, தொழிற்சாலைப் புகை என்று போட்டுத் தள்ளினார்கள். இங்கே ஒரு விஷயம் கவனம். மூலையில் கச்சிதமாகக் கால் வட்ட முத்திரை விழுந்திருக்கும், திருப்பினால் பசை அப்படியே இருக்கும். அது தபாலில் போன ஸ்டாம்ப் அல்ல, சேகரிப்பாளருக்கு விற்பதற்காக அச்சகத்திலேயே முத்திரை போட்டது. கள்ளம் இல்லை, ஆனால் மதிப்பும் இல்லை. படம் வேண்டும் என்றால் வாங்குங்கள், விலையைக் கேட்டு மட்டும் ஏமாறாதீர்கள். இதைவிட மோசம், எந்த நாட்டுத் தபால் துறையும் வெளியிடாத போலி. நான் ஒரு தடவை ஆன்லைனில் ஒருவரிடம் டிராக்டர் வகை நூறு ஸ்டாம்ப் என்று ஒரு பாக்கெட் வாங்கினேன். பளபளவென்று ஒன்பது டிராக்டர் போட்ட ஒரு தாள் அதில் இருந்தது, மனசு குளிர்ந்துபோய் நடுப்பக்கத்தில் வைத்தேன். கண்காட்சியில் ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஸ்டாம்ப் இல்ல, லேபிள்" என்று காதோடு சொன்னார். 2002க்குப் பிறகு வந்த ஸ்டாம்ப் என்றால் டபிள்யூ.என்.எஸ். என்ற உலக எண் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். எல்லா நாடும் அதில் பதிவதில்லை என்பதால் அங்கே இல்லாததாலேயே போலி என்று முடிவு கட்ட முடியாது, ஆனால் அதில் இருந்தால் நிம்மதி. பழைய ஸ்டாம்புக்கு ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிக்கேல் கேட்டலாக்குகள் இருக்கின்றன, கோல்நெக்ட் என்ற சேகரிப்பாளர் இணையதளத்தில் டிராக்டர் என்று போட்டாலே படங்கள் கொட்டும்.

நாட்டின் பெயர் புரியாமல் ஸ்டாம்பை ஒதுக்கிவிடாதீர்கள். மாக்யார் என்றிருந்தால் ஹங்கேரி, ஹெல்வெஷியா என்றால் சுவிட்சர்லாந்து, சுவோமி என்றால் பின்லாந்து, பார்ப்பதற்கு மூன்று சி, ஒரு பி போல இருந்தால் சோவியத். நாட்டுப் பெயரே இல்லாமல் அரசர் அல்லது அரசி தலை மட்டும் இருந்தால் பிரிட்டன்.

இப்போது எங்கே கிடைக்கும் என்பதற்கு வருவோம். முதல் இடம் உங்கள் வீட்டுப் பரண். டெல்டாவில் பாதி வீடுகளில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் போனவர்கள் உண்டு, அவர்கள் போட்ட கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் கட்டாகக் கிடக்கும். அந்த உறையிலிருந்து ஸ்டாம்பைக் கிழிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஊர் முத்திரையோடும் விலாசத்தோடும் இருக்கிற முழு உறைக்குத்தான் சேகரிப்பில் மரியாதை. விலாசம் காட்ட வேண்டாம் என்று வீட்டில் சொன்னால் ஒரு தாளால் மறைத்து வைக்கலாம். உர வியாபாரிகள், பம்ப்செட் கம்பெனிகள் அந்தக் காலத்தில் அனுப்பிய கடிதங்களில் ஸ்டாம்புக்குப் பதில், தபால் கட்டணத்தை மெஷினில் அச்சடிக்கிற மீட்டர் முத்திரை விழுந்திருக்கும், சிலவற்றில் பக்கத்திலேயே சின்ன விளம்பரமும் இருக்கும். மெஷின் படம் போட்ட மீட்டர் முத்திரை கிடைத்தால் அது பத்து ஸ்டாம்புக்குச் சமம், எல்லோரும் குப்பை என்று எறிந்த பொருள் என்பதால்.

இரண்டாவது, தபால் ஆபீஸ். பெரிய தலைமை அஞ்சலகங்களில் ஸ்டாம்ப் சேகரிப்பவர்களுக்கென்று கவுண்டர் இருக்கும், நமக்குத் திருச்சி பக்கம். அங்கே ஃபிலடெலி, அதாவது ஸ்டாம்ப் சேகரிப்பு டெபாசிட் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள், குறைந்தது 200 ரூபாய் கட்ட வேண்டும். என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் புது ஸ்டாம்ப் வரும்போது பணத்தைக் கழித்துக்கொண்டு வீட்டுக்கே அனுப்புவார்கள். ஸ்டாம்ப் வெளியாகும் நாளின் முத்திரையோடு வரும் முதல் நாள் உறையையும் கூடவே வரும் தகவல் மடலையும் சேர்த்துக் கேளுங்கள். மடல் சில்லறைக் காசு சமாசாரம் என்று நினைத்து விடுபவர்கள் பிறகு அதைத்தான் தேடி அலைகிறார்கள். சின்ன ஊர் ஆபீஸில் புது ஸ்டாம்ப் கேட்டால் "ரெவின்யூ ஸ்டாம்பா?" என்பார்கள், கோபப்படாமல் போஸ்ட்மாஸ்டரிடம் பேசிப் பழகிக்கொள்ளுங்கள். முத்திரையை ஓங்கிக் குத்தாமல் அழகாகப் போட்டுத் தருவது அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

ஊற வைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான். சாதாரணக் கவரில் ஒட்டிய சாதாரண ஸ்டாம்பு என்றால் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுக் கத்தரித்து, அகலமான தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் படம் மேலே தெரிய மிதக்க விடுங்கள். கால் மணி நேரத்தில் பசை இளகித் தானே வழுக்கி வரும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் விடுங்கள், உரிக்காதீர்கள். பிறகு வேறு தண்ணீரில் ஒரு அலசல், பின்பக்கம் வழவழப்பு போகும் வரை. வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் காய வைத்து, முக்கால் காய்ச்சலில் கனமான புத்தகத்துக்குள் வைத்தால் சுருளாது. செய்தித்தாளில் காய வைத்தால் மை ஏறும். கலர்க் கவரைத் தனியாக ஊற வையுங்கள். நான் கல்யாணப் பத்திரிகை வந்த சிவப்புக் கவரை மற்றவற்றோடு சேர்த்துப் போட்டு, எட்டு டிராக்டருக்குக் குங்குமம் பூசி எடுத்தேன். ஸ்டிக்கர் மாதிரி உரித்து ஒட்டுகிற இந்தக் காலத்து வெளிநாட்டு ஸ்டாம்புகள் பல தண்ணீருக்கு மசியாது, அவற்றைக் காகிதத்தோடு ஒட்ட வெட்டி அப்படியே வையுங்கள். இந்த வேலைக்குச் சித்திரை, வைகாசிதான் மாதம். மேட்டூர் திறந்து நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டால் உங்களுக்கும் நேரம் இருக்காது, அடைமழையில் ஸ்டாம்பும் காயாது.

அடைமழை என்றதும் டெல்டாக்காரனின் உண்மையான எதிரிக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிறது, பசையோடு இருக்கிற புது ஸ்டாம்ப் என்ன செய்யும்? பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டாம்பின் பல் பல்லான ஓரத்தில் பழுப்புப் புள்ளி விழும். இராமபாணப் பூச்சி பசையை நக்கிக்கொண்டே ஸ்டாம்பையும் தின்றுவிடும். என் முதல் ஆல்பத்தைப் பரணில் படுக்க வைத்து அதன்மேல் நாலு பழைய புத்தகத்தை வேறு அடுக்கியிருந்தேன், தை மாதம் எடுத்துப் பார்த்தால் மூன்று பக்கம் ஒரே பக்கமாகிவிட்டது. ஆல்பத்தை நிற்க வைக்க வேண்டும், வெளிச்சுவரில் சாய்க்கக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மழை விட்டு வெயில் வந்த நாளில் திறந்து நிழலில் காற்று காட்டுங்கள், நேர் வெயில் மட்டும் ஆகாது, நிறம் போகும். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிக்குப் பூச்சி வராமல் வசம்பு சேர்த்த பொடியை முடிச்சுக் கட்டி வைப்பார்கள். நானும் வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைக்கிறேன், ஆனால் ஸ்டாம்பில் படாமல். கடையில் விற்கிற மலிவான பிளாஸ்டிக் ஃபோட்டோ ஆல்பம் வேண்டவே வேண்டாம், அந்த பிவிசி கசிந்து மையையே உறிஞ்சிக்கொள்ளும். ஒட்டிப்போன ஸ்டாம்பை ஒரு கவரில் போட்டு ஃப்ரீஸரில் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள், பசை இறுகிச் சில சமயம் பிரிந்துவிடும். விரலால் தொடாமல் ட்வீசரில்தான் எடுக்க வேண்டும். புருவத்துக்கு வைத்திருக்கும் ட்வீசர் கூர்மையானது, குத்திக் கிழிக்கும், தட்டையான முனை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி பக்கம் போடுவது. கண்காட்சியில் பக்கங்களை மாட்டி வைக்கிற ஒரு ஃப்ரேம் என்றால் 16 ஏ4 தாள். வீட்டுக்கே செய்தாலும் இந்த அளவு நல்ல கடிவாளம். என்னுடையது இப்படிப் பிரிந்தது: தலைப்புப் பக்கம் 1, உழவு 4, தண்ணீர் 3, நடவும் களையும் 2, அறுப்பும் அடிப்பும் 4, ஆலை 2. ஒரு பக்கத்தில் நாலு ஐந்து ஸ்டாம்புக்கு மேல் வேண்டாம். புது ஸ்டாம்பைப் பசை கெடாத பிளாஸ்டிக் உறையிலும், பழையதைக் கீல் என்கிற சின்ன ஒட்டுக் காகித மடிப்பிலும் வையுங்கள். எழுத்து இரண்டு மூன்று வரி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள், கேட்டலாக்கில் இருப்பதை அப்படியே எழுதி வைக்கிறார்கள். டிராக்டர், 3 பை, ஊதா என்று எழுதினால் பார்க்கிறவர் கண்ணில் தெரிவதைத்தான் திரும்பச் சொல்கிறீர்கள். என் வரி இது: காலணா டிராக்டர், 1955. இதே வரிசையில் காளைக்கு நாலணா. எங்கள் தெருவில் கடைசி உழவு மாட்டை விற்றது டிராக்டர் வந்து பல வருடம் கழித்துத்தான்.

இந்த வரிகளுக்கு எனக்கு உதவியவர் கேட்டலாக் அல்ல, பக்கத்துத் தெரு டிராக்டர் டிரைவர் அண்ணன். பத்து மடங்கு லென்ஸைக் கொடுத்து ஒரு வெளிநாட்டு ஸ்டாம்பைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "முன் சக்கரம் ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குதே தம்பி, இது பாத்திக்கு நடுவுல ஓட்டுற வண்டி. நம்ம வரப்புல ஏத்துனா குப்புற விழுந்துரும்" என்றார். தேடிப் பார்த்தேன், சரிதான், வரிசைப் பயிருக்கென்று அமெரிக்காவில் செய்த வகை அது, முன் சக்கரங்கள் இரண்டு பயிர் வரிசைக்கு நடுவில் போகும். அடுத்ததாக ஒரு சோவியத் செயின் டிராக்டரைக் காட்டினேன். "இது நம்ம பெல்ட் வண்டி மாதிரி. பாரம் பரவி நிக்கும், புதையாது. டயர் வண்டிய ஈரத்துல இறக்கிட்டு நாங்க படுற பாடு இருக்கே" என்று தாளடி அறுப்புக் கதைக்குப் போய்விட்டார், அன்றைக்கு மீதி ஸ்டாம்ப் எதையும் பார்க்கவில்லை. ஆனால் போகும்போது ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் தம்பி, ஒண்ணுலயாவது கேஜ்வீல் இருக்கா?" இல்லை. கேஜ்வீல் என்பது சேற்றுழவுக்கு மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரம். உலகம் பூராவும் காய்ந்த நிலத்தில் ஓடுகிற டிராக்டரைத்தான் நான் சேர்த்திருந்தேன், சேற்றுழவு ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து தேடலே மாறிவிட்டது, இப்போது நெல் விளைகிற நாடுகளின் ஸ்டாம்ப் கண்ணில் பட்டால் முதலில் சக்கரத்தைத்தான் பார்க்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு மெக்கானிக், ஒரு டிரைவர், ரைஸ்மில்லில் வேலை பார்த்த ஒருவர் என்று மூன்று பேரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்குத் தபால் துறையின் ஸ்பர்ஷ் உதவித்தொகை இருக்கிறது, தேர்வானால் வருடம் 6,000 ரூபாய். பள்ளியில் ஸ்டாம்ப் கிளப் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளை பெயரில் மேலே சொன்ன டெபாசிட் கணக்கு இருந்தால் போதும். வினாடி வினாவும், ஸ்டாம்பை வைத்து ஒரு செய்முறைத் திட்டமும் கேட்பார்கள். இந்த வயல் வரிசை அதற்கு அப்படியே பொருந்தும். வேலையைப் பிள்ளையே செய்யட்டும், வயல் கதை கேட்க நீங்கள் தாத்தாவிடம் கூட்டிப்போனால் போதும்.

என் ஆல்பத்தில் நடவுப் பக்கம் இன்னும் அரைகுறைதான், குனிந்து நடுகிற பெண்கள் கிடைக்கிறார்கள், நாற்று நடும் மெஷின் சிக்கவில்லை. அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். தபால் துறையின் மை ஸ்டாம்ப் திட்டத்தில் நாம் கொடுக்கும் படத்தை ஸ்டாம்போடு சேர்த்து அச்சடித்துத் தருவார்கள், நான் விசாரித்தபோது 12 ஸ்டாம்ப் கொண்ட தாள் 300 ரூபாய். இதை நினைவு ஸ்டாம்ப் கணக்கில் சேர்க்க முடியாது, கண்காட்சியில் வைத்தால் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள், நடுவர்கள் முகம் சுளிப்பார்கள். படம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். அச்சாகும் இடம் கட்டைவிரல் நகம் அளவுதான், ஆகவே வயல் முழுவதையும் எடுக்காமல் மெஷினைப் பக்கவாட்டில் நெருங்கி எடுங்கள், காலை எட்டு மணிக்குள், தண்ணீரில் வெயில் அடித்துக் கண் கூசுவதற்கு முன்னால். நாற்றுத் தட்டு நிறைந்திருக்கட்டும், நட்ட வரிசை இரண்டாவது தெரியட்டும். போன குறுவையில் நான் எடுத்த படத்தில் எல்லாம் இருந்தது, ஓட்டுகிறவர் மட்டும் போனில் பேசிக்கொண்டிருந்தார். இந்தக் குறுவைக்கு மறுபடி போக வேண்டும்.